ஜப்பான்காரன் கொண்டுபோனதாகச் சொன்ன இஹ்ராம் துணி

ஹாஜியார் பொய் சொன்னார். என் அம்மா மவுத்தாகி, உயிரில்லாமல் தோட்டத்து லயத்து வீட்டுத் தரையில் கிடந்த காலையில், அவர் வீட்டு வாசலில் நின்று கேட்ட என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மக்கத்துக்குப் போய் வந்த மனிதர் பொய் சொல்வாரா என்று கேட்பவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்தது. ஹாஜியார் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். சண்டைக்கு முன்பு பினாங்கில் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். ஹஜ்ஜில் ஆண்கள் உடுத்தும் இஹ்ராம் துணி இரண்டையும், தையல் இல்லாத நல்ல கெட்டி வெள்ளைத் துணி, மக்கத்து ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். தன் கபனுக்கு, மவுத்தான பிறகு உடலைச் சுற்றும் துணிக்கு, என்று எடுத்து வைத்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பலரும் அப்படி வைப்பதுதான். அதில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பங்களாவில் ஜப்பான் அதிகாரி உட்கார்ந்தான். தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். விற்கச் சாமான் இல்லாமல் ஹாஜியாரின் கடை மூடிக்கிடந்தது. மனிதருக்குக் கை சும்மா இருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் தொழுகை முடிந்ததும் பேக்டரி மேல்மாடியில், தேயிலை வாடப் போடும் இடத்தில், எங்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். தோட்டத்தில் முஸ்லிம் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆண்கள் முன்னால், பெண்கள் சாக்குத் திரைக்குப் பின்னால்.

என்ன பேசினார் தெரியுமா? புனித நகரத்தில் நடந்துகொள்ளும் ஒழுக்கம். மதீனாவுக்குள் நுழையும் முன் குளிக்க வேண்டும், இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்த வேண்டும், அத்தர் பூச வேண்டும். பள்ளிவாசலுக்குள் வலது காலை முதலில் வைக்க வேண்டும். நபியின் அடக்கத்தலமான ரவ்லாவுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி ஸலாம் சொல்ல வேண்டும். இஹ்ராமில் இருக்கும்போது ஒரு பேனைக்கூடக் கொல்லக் கூடாது. நாங்கள் கோணிச் சாக்கை வெட்டிப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் பேனோடு, கிழங்கைத் தின்ற வயிறு ஊதிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு எரிச்சலாக வரும். கப்பலே கிடையாது. இருக்கிற கப்பலையெல்லாம் குண்டு போட்டு மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் எந்தக் காலை முதலில் வைத்தால் என்ன?

அம்மா அப்படி நினைக்கவில்லை. அவள் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறமாட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து கேள்வியும் கேட்பாள். கூட்டத்தில் தன்னைப் போன்ற கிழவி தடுமாறினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு ஆகுமே, ஒதுங்கி நிற்கலாமா என்று ஒரு நாள் கேட்டாள். அடுத்தவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கஅபாவின் கறுப்புக் கல்லை முத்தமிடுவதைவிடத் தூரத்தில் நின்று கையை நீட்டுவதே மேல் என்று ஹாஜியார் சொன்னார். நல்ல பதில்தான். அம்மா அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பல நாள் சந்தோஷமாக இருந்தாள். லயத்து வாசலில் எந்தக் காலை வைத்து நுழைகிறோம் என்று என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்துவேன். அவள் சொல்வாள்:

“கப்பல் வர்றப்ப படிக்க நேரம் இருக்காதுடி.”

கப்பல் வருமுன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து இல்லை. மலைக்குளிர் சாக்கு வழியாக நேராக எலும்புக்குப் போகும். என் வீட்டுக்காரரைச் சாலை வேலைக்கென்று கீழே கொண்டுபோயிருந்தார்கள். நானும் அவளும் மட்டும்தான். பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும் அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“சாக்குல மட்டும் என்னை வெச்சுடாதடி. வெள்ளையா இருக்கணும். ஹாஜியார்கிட்ட கேளு. ரெண்டுல ஒண்ணு குடுத்தாப் போதும். மக்கத்தப் பாத்த துணி அது.”

கேட்கிறேன் என்று சொன்னேன்.

மவுத்தான காலையில் பக்கத்து லயத்துப் பெண்களை அம்மாவோடு உட்காரவைத்துவிட்டு ஓடினேன். ஹாஜியார் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. அம்மாவுக்குக் கபன் துணி இல்லை, ஒரு துணி தாருங்கள், நல்ல காலம் வந்தால் புதுத்துணி வாங்கித் திருப்பிவிடுகிறேன் என்றேன்.

“துணி எங்கம்மா இருக்கு? கடைய சோதிச்சப்ப ஜப்பான்காரன் அதையும் தூக்கிட்டுப் போயிட்டான் லா. என் கபனுக்கே வழியில்ல.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். தாயைப் பறிகொடுத்தவள் நான், ஆறுதல் சொன்னவளும் நான்.

வெறுங்கையோடு திரும்பினேன். தோட்டத்து மலாய்த் தச்சரின் மனைவி எதிரே வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. மாடியில் நடந்த பேச்சு எதையும் அவள் கேட்டதில்லை. என் மலாயும் அரைகுறை. “காயின் பூத்தே தாடா,” என்றேன். வெள்ளைத் துணி இல்லை என்று. அவள் வீட்டுக்குள் போய்த் தன் தெலேகோங்கைக் கொண்டுவந்தாள். மலாய்ப் பெண்கள் தொழும்போது தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்ளும் வெள்ளை உடுப்பு அது. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். எனக்குத் தெரியும். அதனால் வாங்கக் கை நீளவில்லை.

“அம்பில் லா,” எடுத்துக்கொள் என்று என் தோளில் போட்டுவிட்டு, எனக்கு முன்னால் அவளே எங்கள் லயத்துக்கு நடந்தாள்.

கபனில் தையல் வேண்டாமென்று இருவரும் உட்கார்ந்து அதன் தையலைப் பிரித்தோம். அம்மாவைக் குளிப்பாட்டினோம். கற்பூரம் கிடைக்கவில்லை. துணி பழசு, ஆனாலும் வெள்ளை. அம்மா முழுக்க அதற்குள் அடங்கினாள். தச்சர் மனைவி அதற்குப் பிறகு ஒரு பழைய சாரோங்கைத் தலையில் சுற்றிக்கொண்டுதான் தொழுதாள். அதைப்பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஹாஜியார் வந்து, அடக்கத்துக்கு முன் தொழும் ஜனாஸா தொழுகையை நடத்தினார். அடக்கம் முடிந்ததும் நின்று பேசவும் செய்தார். ஒவ்வொரு முஸ்லிமும் உயிரோடிருக்கும்போதே தன் கபனைத் தேடி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்றார். பெண்கள் கபுரடிக்குப் போவதில்லை. போய் வந்தவர்கள் வந்து சொன்னார்கள். நன்றாகப் பேசினாராம்.

சில வாரம் கழித்து மறுபடி மாடியில் கூடினோம். அம்மா உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு இஹ்ராம் கட்டும் விதம் பற்றிப் பேச்சு. ஆண்களில் ஒருவர், இடுப்புத் துணியை எப்படிச் சொருகுவது என்று புரியவில்லை என்றார். ஹாஜியார் விளக்கினார். புரியவில்லை. கையால் காட்டினார். அப்போதும் புரியவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. இருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். வந்தபோது கையில் வெள்ளைத் துணி இரண்டு மடிப்புக் கலையாமல் இருந்தன. எல்லார் முன்னாலும் உதறி, ஒன்றை இடுப்பில் கட்டி, இன்னொன்றைத் தோளில் போட்டு, சுற்றித் திரும்பிக் காட்டினார். பாடம் சொல்லும் வெறியில், சொன்ன பொய்யை மனிதர் மறந்தே போனார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு எழுந்தேன்.

“ஜப்பான்காரன் எப்ப திருப்பிக் குடுத்தான் ஹாஜியாரே?”

அவர் முகம் மாறியது. தோள் துணியை இழுத்து மூடிக்கொண்டார். பதில் சொன்னார், ஆனால் கேட்டதற்கு இல்லை.

“ரவ்லாவுக்கு முன்னால சத்தம் போடக் கூடாதுன்னு போன வாரந்தான சொன்னேன்.”

“இது ரவ்லா இல்ல, தேயிலை பேக்டரி. துணி எங்க இருந்துச்சு, சொல்லுங்க.”

ஆண்கள் என்னைப் பார்த்து, உட்காரம்மா, துக்கத்தில் பேசுகிறாய் என்றார்கள். அவரைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரையை யாரோ இழுத்து மூடினார்கள். அவர் அடுத்த ஒழுக்கத்துக்குப் போய்விட்டார்.

தரமாட்டேன் என்று அன்று சொல்லியிருந்தால் எனக்குப் பேச்சே இல்லை. அவர் துணி, அவர் கபன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இருந்திருக்காது. எனக்குத் தாங்காதது அவர் துடைத்த அந்தக் கண்தான். அம்மா அவர் பேச்சை ஒரு எழுத்து விடாமல் நம்பியவள். அவளுடைய மையத்து கிடக்கும்போதே அவள் பேரில் கேட்டவளிடம் அழுது நடித்திருக்கிறார்.

ஜப்பான்காரன் போய்விட்டான். கப்பல் மறுபடி ஓடுகிறது. ஹாஜியார் இப்போது கம்போங் ராஜாவில் இருக்கிறார். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் வழியனுப்பு விருந்துக்கு அவரைக் கூப்பிட்டு, அந்தப் பழைய ஒழுக்கங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டேன். பழசைக் கிளறாதே என்று சொல்லி அனுப்பினார். பள்ளிவாசலில் பெண்பிள்ளை எழுந்து கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஹாஜியாரே, என்னிடம் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அடுத்த முறை பயணம் போகிறவர்கள் முன்னால் பேச நிற்கும்போது, அவர்கள் எல்லாரும் கேட்க, இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்: அன்று காலையில் துணி உங்கள் வீட்டில் இருந்ததா, இல்லையா?