சேஃப்டி ஆபீசர் வீட்டு மெயின் ஸ்விட்ச்

குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் நான் சேஃப்டி ஆபீசர். லீவில் முத்துப்பேட்டை வந்த நேரம் பார்த்துப் புயல் எச்சரிக்கை.

விடுவேனா? நேற்றே எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "காத்து வர்றதுக்குள்ள மெயினை ஆஃப் பண்ணுங்க. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்க. ஈரத்துல வயர் இழுக்காதீங்க."

சொன்ன கையோடு எங்கள் வீட்டில் மெயின், சிலிண்டர் இரண்டையும் நானே அணைத்தேன். இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ஃபேன் ஓடியது.

இன்று காலை புயல் ஓய்ந்தது; மதியம் தெருவுக்கே கரண்ட் வந்துவிட்டது. எங்கள் வீட்டைத் தவிர. இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. மின்வாரியத்துக்கு போன் போட்டுக் கத்தினேன்.

பக்கத்து வீட்டு செல்வம் அண்ணன் மனமிரங்கி, "எங்க பிளக்லேருந்து ஒரு வயர் இழுத்துக்குங்க பாய்" என்றார்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயரோடு வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரில் இறங்கப் போனேன்.

என் மனைவி மைமூன் போனை எடுத்து நேற்றைய மெசேஜை ஓட விட்டாள்.

"ஈரத்துல வயர் இழுக்காதீங்க" என்று என் குரலே என்னை அதட்டியது. தூக்கிய கால் அப்படியே நின்றது.

"மெயினை ஆஃப் பண்ணவரு திரும்பப் போட்டாரான்னு கேளுங்க" என்றாள் மைமூன், செல்வம் அண்ணனைப் பார்த்து.

போய்ப் பார்த்தேன். போடவில்லை.

"கையைத் துடைச்சிட்டுப் போடுங்க" என்றாள். துடைத்தேன், போட்டேன். ஃபேன் சுற்றியது.

புயல் போனதும் திரும்பப் போடச் சொல்ல மெசேஜில் மறந்துவிட்டேன், மக்களே. என் பேச்சைக் கேட்டு இன்னும் யாராவது இருட்டில் உட்கார்ந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மைமூனை அனுப்பி வைக்கிறேன்.