கேபினுக்குள் ஏழு மாதம்

ஹெலன் கோலார் தங்கவயலில் பிறந்தவள். பால்ராஜைக் கட்டிக்கொண்டு பெங்களூர் தொம்மலூருக்கு வந்தாள். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டின் மெயின் கேட்டில் அவளுக்குச் செக்யூரிட்டி வேலை.

கேட்டை ஒட்டி ஒரு தகரக் கேபின். முன்னால் எந்நேரமும் வண்டிகள் உறுமும் சாலை, பின்னால் டீசல் ஜெனரேட்டர். அந்தக் கோடையில் பெங்களூரா இது என்று கேட்கும்படி வெயில் அடித்தது. மதியம் கரண்ட் போனால் மாடிகளில் ஏசி நிற்கக் கூடாதே, ஜெனரேட்டர் ஓடும். புகை நேராகக் கேபினுக்குள் வரும். வயிற்றுப் பிள்ளையோடு ஹெலன் அதற்குள் நின்றாள். நாற்காலி கிடையாது. டாய்லெட் பேஸ்மென்ட்டின் கோடியில். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள்.

சூப்பர்வைசர் ஸ்ரீகண்டனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"சார், மத்தியானம் மட்டும் லாபியில நிக்கிறேன் சார். தலை சுத்துது."

"லாபியில நின்னா ரெசிடென்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்கம்மா. முடியலன்னா வேலைய விட்டுடு."

அதே வாரம் குடியிருப்போர் அசோசியேஷன் கூடியது. வெயிலில் தெருநாய்கள் தவிக்கின்றன, மரநிழலில் சட்டிகளில் தண்ணீர் வைக்க வேண்டும் என்று முடிவானது. நல்ல காரியம்தான். சட்டிகளை நிரப்பும் வேலை ஹெலன் தலையில் விழுந்தது.

ஏழாம் மாதம், ஒரு மதியம், காருக்குக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோதே பனிக்குடம் உடைந்தது. ஹவுஸ்கீப்பிங் ஷில்பாதான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கும் போலிருந்தது. முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் இன்குபேட்டருக்கு எடுத்துப் போனார்கள்.

பிறகு விசாரணை தொடங்கியது.

"பப்பாளி கிப்பாளி துன்னியா?" என்றாள் மாமியார் ஞானம்மாள்.

"வெயிட் தூக்கினியா?" என்றாள் நர்ஸ்.

டாக்டர் ஆஷா மட்டும் எங்கே வேலை என்று கேட்டார். கேபினைப் பற்றி ஹெலன் சொன்னதைக் கேட்டு, "இதனாலதான்னு ஒண்ண மட்டும் காட்ட முடியாதும்மா. ஆனா கடும் வெயில், புகை, ரெண்டுமே குறைப்பிரசவத்துக்கான ஆபத்தக் கூட்டும். குழந்தை எடையையும் குறைக்கும்," என்றார்.

ஹெலன் மாமியார் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களா அத்தே? நான் இன்னா துன்னேன்னுதான் எல்லாரும் கேக்குறீங்க. என்னைய எங்க நிக்க வெச்சாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"



குழந்தை பிழைத்தது. ஆண்டவர் கிருபை என்று எல்லாரும் அத்தோடு முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஹெலனுக்கு மனசு ஆறவில்லை. பிள்ளை வீடு வந்ததும் அபார்ட்மென்ட்டுக்குப் போய் அசோசியேஷன் செயலாளர் ரகுராமைக் கூப்பிட்டாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க சார், கேபின்லயே பேசலாம்."

உள்ளே வந்தவர் சட்டென்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வெளிய நின்னு பேசலாமே."

"என் புள்ள வயித்துல இருக்கும்போதே இதத்தான் சார் குடிச்சுது. அது எங்க போய் நிக்கும்?"

அவர் இருமிக்கொண்டே வெளியேறினார்.

அடுத்த மாதம் புகைக்குழாயை மொட்டைமாடி வரை ஏற்றினார்கள். கேபினுக்கு மின்விசிறியும் நாற்காலியும் வந்தன. தகராறு பிடித்தவள் என்று ஹெலனைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி கவுன்டரில் நிற்கிறாள்.

மகள் மரியாவுக்குச் சளி பிடித்தால் மூச்சு இழுக்கிறது. "பொறப்பே அப்படி, பாவம்" என்று யாராவது சொன்னால் ஹெலன் விடுவதில்லை. உட்காரவைத்து, நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறாள்.