பெயரில்லாத பொத்தான்

செங்கலடியிலிருந்து ஒருவனை நாலு முறை வாவி கடந்து என் வாசலுக்கு வரவைத்தேன். ஒரு முறை வந்தாலே போதுமாக இருந்திருக்கும். மற்ற மூன்றும் என் மனக்கொதிப்புக்காக.

எனக்குப் பார்வை போய்ப் பதினைந்து வருடம். போனில் இணையம் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. போன் கண்ணாடியில் விரல் வைத்தால், அதன் கீழே இருப்பதைப் போன் வாசிக்கும். பொத்தான் வந்தால் சின்னதாக அதிரும். இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். தட்டித் தட்டியே பிடித்துக்கொண்டேன். அடுத்த வீட்டு மீன்காரர், "என்ன புள்ள, போனுக்குப் பேன் பாக்கிறியா?" என்பார்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு, வீட்டிலிருந்தே போனில் அறை பதிவுசெய்து கொடுக்க ஆள் தேவைப்பட்டது. பேசுவதுதானே வேலை, எனக்கென்றே செய்தது போல! விண்ணப்பம் இணையத்தில் மட்டும், அன்று மதியத்தோடு முடிவு. பக்கத்தைத் திறந்தால் போன் "எம், டி, ஜி" என்று உளறியது. செய்தவன் பழைய எழுத்துருவில் தமிழை அடித்திருக்கிறான். கண்ணுக்கு அது தமிழ். உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். போன் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். பெயர், விலாசம், படிப்பு என்று வழக்கமான வரிசையை ஊகித்து இரண்டு மணித்தியாலம் நிரப்பினேன். அடியில் இரண்டு பொத்தான்கள், இரண்டும் உளறல். ஒன்றைத் தட்டினேன். அது எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான். மறுபடி நிரப்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பக்கத்தின் அடியில், அதைச் செய்த கடையின் செங்கலடி விலாசம் இங்கிலீசில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் புறப்பட்டேன். மண்டூரிலிருந்து வாவியைக் கடக்க எங்களுக்குப் 'பாதை' என்கிற தட்டைப் படகு. பிறகு இரண்டு பஸ். பக்கத்தைச் செய்தவன், நான் சொன்னதையெல்லாம் பேனையை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே கேட்டான். பிறகு, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னான்:

"கண் தெரியாத ஆக்களுக்கு என்னத்துக்கு அக்கா வெப்சைட்? ரேடியோவப் போட்டுக் கேட்டுக்கிட்டு இரிங்களன்."

யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மீன்காரரிடம் சொன்னேன். "கோபத்த ஐஸ் பெட்டிக்குள்ள வை புள்ள, பழுதாகாது" என்றார். எட்டு மாதம் வைத்திருந்தேன்.

ஒருநாள் வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றது. "அக்கா, உங்கட கையெழுத்து ஒண்டு வேணும்." அதே டிக் டிக். ஒரு காரியாலயத்துக்கு வலைப்பக்கம் செய்திருக்கிறான். பார்வையற்ற ஒருவர் பாவித்துப் பார்த்து ஒப்பமிட்டால்தான் ஏற்பார்களாம். யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள். அவனுக்கு என்னை நினைவே இல்லை. அதுதான் கூடச் சுட்டது.

"இரிங்க மனே" என்று தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு என் போனை நீட்டினேன். போன் வேலை செய்தாலும் அதன் திரை எப்போதும் அணைந்தே இருக்கும், வெளிச்சம் எனக்கெதற்கு?

"உங்கட பக்கத்த நீங்களே திறந்து, உங்கட பேர எழுதி அனுப்புங்க பாப்பம்."

"ஒண்டும் தெரியலியே அக்கா."

"எனக்குந்தான்."

டிக் டிக் நின்றுபோனது. கண்ணாடியில் விரல் தடுமாறித் தடுமாறி ஊர்வது எனக்குக் கேட்டது. போன் உளறியது: "எம், டி, ஜி." அதே பழைய எழுத்துரு!

"இது எந்த ஊர்ப் பாசை மனே?"

"மாத்தணும்போல... மாத்திட்டு லிங்க வட்ஸ்அப்பில அனுப்புறன் அக்கா."

"ஏலா. நேர வந்துதான் காட்டணும்."

பொய். அனுப்பினாலே போதும். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

இரண்டாம் முறை எழுத்துத் திருந்தியிருந்தது, பொத்தான்களுக்குப் பெயர் இல்லை. திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை படங்களுக்கு விளக்கம் இல்லை. அன்று நல்ல மழை. லப்டப்பைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு பாதையில் நின்றானாம். "அந்தப் பொடியனுக்குப் பாதையில ஒரு பாய் போட்டுக் குடுக்கலாம் புள்ள" என்று மீன்காரர் சிரித்தார். எனக்கு அன்று சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது.

நாலாம் முறை எல்லாம் சரி. பேனையை என் கையில் வைத்தான். நான் ஒப்பமிடவில்லை.

"பாசிக்குடா ஹோட்டல்ர விண்ணப்பப் பக்கம் உங்கட கையிலதானே? அதையும் திருத்துங்க. பிறகு வைக்கிறன்."

அவன் மூச்சு மாறியது. "அக்கா... அண்டைக்குக் கடைக்கு வந்தது நீங்களா?"

"ஓம் மனே. ரேடியோவில ஒண்டும் நல்லதாப் போகல்ல. அதான் வெப்சைட்டுப் பக்கம் வந்தன்."

படியில் இருந்தபடியே திருத்தினான். நான் விரலால் அடிவரை போனேன். "அனுப்பு, பொத்தான்" என்றது போன். ஒப்பமிட்டேன். மன்னிப்புக் கேட்டான். "பாதை வெளிக்கிடப் போகுது, கெதியாப் போங்க" என்றேன்.

அந்த வேலை எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டது. இப்போது அவர்களுக்கு ஆள் தேவையில்லை என்றும் தெரியும். ஆனாலும் அன்று பின்னேரம் அத்தனை பெட்டியையும் நிரப்பி, அந்தப் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினேன். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது."

"கோபம் முடிஞ்சிதா புள்ள?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மீன்காரர் கேட்டார்.

"இல்ல. ஐஸ் பெட்டி அடியில கொஞ்சம் கிடக்கு" என்றேன்.