றோஸ்டேல் மாளிகையில் ஏற்றிய கற்பூரம்

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் பயணக் கட்டுரை எழுதப் புறப்பட்டது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் நம்மவர்கள் பலர் பார்க்காத ஓர் இடத்தைப் பார்த்தேன். அங்கே நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

1997, ஒக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்கு ஸ்காபரோ எக்ளின்ரன் வீதியில் பஸ் ஏறினோம். கட்டணம் இரண்டு டொலர். என்னைக் கூட்டிப்போனவர் அக்காவின் கணவர், என் அத்தான். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், ஐம்பத்திரண்டு வயதில் இங்கே செக்குரிட்டி காட், காவல் வேலை. அந்த மாளிகையில் சேர்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. மூன்று மாதம் குறையில்லாமல் போனால் வேலை நிரந்தரம். நிரந்தரம் என்ற கடிதம் கையில் வந்தால்தான் கொழும்பில் தனியே நிற்கும் தன் மகளை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணலாம். வீட்டில் எங்கள் பேச்செல்லாம் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

கெனடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, யங் வீதியில் மாறி, பத்தேகாலுக்கு றோஸ்டேலில் இறங்கினோம். பத்து நிமிட நடை. இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள். ஒரு மனிதரைக் காணவில்லை.

"இந்த வீடுகளிலை ஆக்கள் இருக்கினமோ அத்தான்?"

"இருக்கினம். நாயைக் கொண்டு நடக்கேக்கை மட்டும் காணலாம். அதுவும் நாய்தான் முன்னுக்கு வரும்."

மாளிகை சாம்பல் நிறக் கல்லால் கட்டியது. மூன்று மாடி, நாற்பத்திரண்டு அறை. தேயிலையும் பட்டும் வாங்கி விற்ற ஒரு குடும்பத்தின் வீடு. இப்போது பொதுமக்கள் பார்க்கலாம். நுழைவுச்சீட்டு எட்டு டொலர். வேலை செய்பவரின் உறவினருக்குக் காசில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அத்தானின் வேலை பதினொன்றுக்குத் தொடங்குவதால் என்னை முன்னதாகவே உள்ளே விட்டார்.

வீட்டின் பின்னால் வெள்ளை மதில். அதில் முழு நிலா போல வட்டமாக ஒரு வாசல். அதற்குள் சீனத் தோட்டம். குளத்தில் சிவப்பு மீன்கள். பாலம் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது. குளிர்காலம் வரப்போவதால் மூங்கில்களைச் சாக்கால் சுற்றியிருந்தார்கள். குளத்தின் நடுவே ஆளுயரக் கற்கள், உடம்பெல்லாம் ஓட்டையுடன் நின்றன.

"உந்தக் கல்லுகள் சீனாவிலையிருந்து கப்பலிலை வந்தது பிள்ளை."

"கல்லையோ கப்பலிலை கொண்டு வந்தவை?"

"ஓம். நாங்கள் ஒரு பிள்ளையைக் கொண்டுவர வழியில்லாமல் நிக்கிறம்."

பாலத்தைக் கடந்தோம்.

குளத்தங்கரையில் ஒரு மண்டபம். கறுத்த மரத்தில் செதுக்கிய பெரிய பூசை மேடை. மேலே ஓர் ஆணும் பெண்ணும் நாற்காலியில் அமர்ந்திருக்கும், பட்டுத்துணியில் தீட்டிய படங்கள். பெயர் எழுதிய சிறு மரப்பலகைகள் வரிசையாக நின்றன. முன்னால் ஊதுவத்தி குத்தும் வெண்கலக் கிண்ணம்.

"இவை இந்த வீட்டுக்காரரோ?"

"இல்லை. சீனாவிலை ஒரு வியாபாரியின்ரை வீட்டுச் சாமியறையை அப்பிடியே விலைக்கு வாங்கினதாம். அந்த வீட்டிலை செத்தவையின்ரை படங்கள்."

செத்தவர்களை வாங்கலாமா? விற்றவர் யார்? என் முகத்தைப் பார்த்த அத்தான் தடுப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "கிட்டப் போய் வடிவாப் பாரும். இன்னும் சனம் வரேல்லை." அந்த நேரம் முன்வாசலில் மணி அடித்தது. அவர் போய்விட்டார்.

கிண்ணத்துக்குள் பார்த்தேன். ஒரு துளி சாம்பல் இல்லை, துடைத்து மினுக்கியிருந்தார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, செத்துப்போன என் கணவரின் படம் சுவரிலேயே நின்றுவிட்டது. அதன் முன்னால் யார் விளக்கேற்றுகிறார்கள்? நான் யோசித்துச் செய்யவில்லை. பின்னேரம் கோயிலுக்குக் கொண்டுபோக வைத்திருந்த கற்பூரத்தையும் நெருப்புப்பெட்டியையும் எடுத்து, ஒரு துண்டைக் கிண்ணத்தில் வைத்துக் கொளுத்திக் கும்பிட்டேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கூரையிலிருந்து அலாரம் கத்தியது. அப்படியொரு சத்தத்தை ஊரில் விழுந்த ஷெல் குண்டுகளுக்குப் பிறகு நான் கேட்டதில்லை. குந்தி இருந்துவிட்டேன். அத்தான் ஓடிவந்து தொப்பியால் கிண்ணத்தை மூடினார்.

"என்ன வேலை பாத்தனீர் பிள்ளை?" ஏச்சு இல்லை, கெஞ்சுவது போலிருந்தது.

மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்தன. வேலைக்கு வந்திருந்த எல்லோரையும் எங்களோடு தோட்டத்தில் நிற்கவைத்தார்கள். மாளிகையின் பொறுப்பதிகாரி, ஒரு வெள்ளைக்காரப் பெண், அத்தானிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி எனக்குத் தமிழில் சொன்னார்: "நீர் வாய் திறவாதையும். நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறன்."

வாழ்நாளில் வேற்று ஆட்கள் முன்னால் கை உயர்த்தாதவள் அன்று உயர்த்தினேன். "ஐ டிட். ஹி நோ டிட்."

அவள் என் பக்கம் திரும்பி, ஏன் என்று மெதுவாகக் கேட்டாள். அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. மண்டபத்துக்குள் இருந்த படங்களைக் காட்டி, கையைக் கூப்பிக் காட்டினேன். அவள் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைத் தொட்டு நன்றி சொன்னாள். திரும்பி, யார் கயிற்றைத் தூக்கியது என்று அத்தானிடம் கேட்டாள். அவர் பொய் சொல்லவில்லை. அவள் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் வேற்றாள் ஒருத்தி வந்து வீட்டுப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினால், வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்று கும்பிடுவார்கள். இங்கே சிவப்பு வண்டி வருகிறது. அதையும் பிழை சொல்ல முடியாது. பழைய மரம், பழைய பட்டு. பற்றியிருந்தால் படத்தில் இருந்த அந்த இரண்டு பேருக்கும் இருந்த ஒரே இடமும் போயிருக்கும். இது எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் விளங்கியது.

அத்தானுக்கு ஏழு மணிவரை வேலை இருந்ததால் தனியே திரும்பினேன். வாசல்வரை வந்தார்.

"கெனடியிலை இறங்கும். நித்திரை கொண்டாலும் பயமில்லை, அதுக்கு அங்காலை ரயில் போகாது." சிரிக்கப் பார்த்தார். "அக்காவுக்கு நான் சொல்லுறன். நீர் முந்தாதையும்."

மறுநாள் திங்கட்கிழமை, பொறுப்பதிகாரி வரச்சொன்னபடி அத்தான் காலை ஏழு மணிக்கே புறப்பட்டுப் போனார். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார்.