செல்வநாயகி போட்ட கையெழுத்து

சங்கத்துக்குத் தலைவர் நான். கையெழுத்துப் போட்டது செல்வநாயகி. இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் அந்த நான்கு நாளும் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன் என்றால், என் லட்சணம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு போலீஸ்காரர் பைக்கில் எங்கள் செராமிக் கம்பெனிக்கு வந்தார். செல்வநாயகி பீங்கான் பியூஸ் கேரியர்களைக் கிளேஸில், அதாவது பளபளப்புக் கொடுக்கும் வெள்ளைக் குழம்பில், முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டீஸை வாங்கினாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சங்கச் செயலாளர் முத்திரையோடு விசாரணைக்கு வரவேண்டும். விஷயம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியது. பைக் சத்தம் ரோட்டில் போய் மறைகிற வரைக்கும் நான் சூளை வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்றேன். செங்கல்லை எண்ணுவதுபோல் பாவனை வேறு.

செல்வநாயகி பத்தொன்பது வயதில் இங்கே வேலைக்கு வந்தவள். இப்போது நாற்பத்தாறு. வீட்டுக்காரர் பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் கிளேஸ் போட்டது என்று தெரிவதற்காக ஒவ்வொரு துண்டின் அடியிலும் அவரவர் காவியால் அடையாளம் வைக்கவேண்டும். செல்வநாயகிக்கு மூன்று புள்ளி. சூளை திறக்கும்போது விரிசல் விட்டது கிடைத்தால் சூப்பர்வைசர் தூக்கிப் பிடித்து, "யாரு புள்ளி இது?" என்பார். மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். இவள் மட்டும் தூரத்திலிருந்தே, "என்னுதுங்க" என்று சொல்லிவிடுவாள். திட்டு வாங்குவதில் என்ன அவசரமோ என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றுதான் அவளைச் செயலாளர் ஆக்கினோம். ஸ்கூலுக்கு, பேங்குக்கு, ரேஷன் கார்டுக்கு, எதற்கென்றாலும் சங்கக் கடிதம் வேண்டும் என்று ஆட்கள் அவளிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுத்து, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்துவாள்.

போன வருடம் திருமால் என்கிற டிராவல்ஸ்காரன் வந்தான். செர்பியாவில் ஓடு கம்பெனிக்கு ஆள் வேண்டும், அனுபவக் கடிதம் சங்கம் கொடுத்தால் போதும் என்றான். ஐந்து பேர் கிளம்பினார்கள். நான்கு பேர் எங்கள் ஆட்கள். ஐந்தாவது ஆள் ஆனந்தராஜ், ஊர் கருவேப்பிலங்குறிச்சி. செல்வநாயகிக்குப் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்யும் சண்முகப்ரியாவின் புருஷன். அவன் களிமண்ணைக் கையால் தொட்டதில்லை. செல்வநாயகி தயங்கினாள். "நம்ம புள்ளதானம்மா, எட்டு வருஷம்னு போட்டுக் குடு" என்று சொன்னது நான். திருமால் கடிதத்தை இங்கிலீஷில் அடித்துக் கொண்டுவந்தான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சங்கமே வேன் பிடித்து அவர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் விட்டது. மாலை போட்டுப் போட்டோ எடுத்தோம். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் நான்.

அங்கே ஓடு கம்பெனியும் இல்லை, ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு நடக்கச் சொன்னார்கள். நான்கு பேர் எப்படியோ தப்பித்துத் திரும்பி வந்தார்கள். ஆனந்தராஜ் மட்டும் வேறொரு கூட்டத்தோடு நடந்துபோனான். நோட்டீஸ் வந்த அன்றைக்கு அவனிடமிருந்து போன் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. திருமாலின் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

புதன்கிழமை வக்கீல் பூர்ணிமாவைப் பார்த்தோம். சின்ன வயசுதான், ஆனால் பூசி மெழுகாமல் பேசுகிற பெண்.

"வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசாங்கப் பதிவு வேணும். உங்க சங்கத்துக்கு இல்ல. வேன் வச்சி கொண்டுபோய் விட்டிருக்கீங்க. உதவிதான் செஞ்சோம்னு நீங்க சொல்லுவீங்க. எல்லை தாண்ட ஆள் அனுப்புன கும்பல்ல நீங்களும் ஒரு கைன்னு போலீஸ்ல எழுதலாம்."

"எல்லைய பத்தி சத்தியமா தெரியாதும்மா" என்றாள் செல்வநாயகி.

"சரி. எட்டு வருஷம்னு எழுதினது பொய்னு தெரியும் இல்ல?"

செல்வநாயகி நோட்டீஸை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

பூர்ணிமா விசாரித்து வைத்திருந்தாள். அந்த எல்லையோரத்து ஆற்றங்கரையில் நினைவில்லாமல் ஒருவனைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முகமெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. சட்டைக்குள் ஒரு கடிதம். பேர் அடித்திருந்த இடம் தண்ணீரில் கரைந்துவிட்டது. பாதி முத்திரையும் தமிழ்க் கையெழுத்தும்தான் மிச்சம். "அது எங்க கடிதம் இல்லன்னு சொன்னா, அவரு யாருன்னு கண்டுபிடிக்க அவங்ககிட்ட வேற எதுவும் இல்ல. எங்க கடிதம்தான்னு சொன்னா கேஸு வரும். உள்ள போகவும் வேண்டி வரலாம். வெள்ளிக்கிழமை எனக்குக் கோர்ட்டு இருக்குது, பன்னெண்டு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க."

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "நாயகி, முத்திரை தொலைஞ்சி போச்சின்னு சொல்லிடலாம். கடிதம் யாரோ போலியா போட்டதுன்னு ஆயிடும். ரெண்டு பேரும் தப்பிச்சிடலாம்."

"அப்ப அவரு, அண்ணே?" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நல்லவேளை என்று ஏறி உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை சங்க அறையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்தேன். சாமான் அடுக்கிய சூளை வண்டியில், இரண்டு தட்டுக்கு நடுவே செருகி, வண்டியை உள்ளே தள்ளிக் கதவை மூடினேன். பர்னர் பிடித்த கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க ரப்பர் கருகும் நாற்றம். செல்வநாயகி தலையைத் தூக்கி மூக்கைச் சுளித்தாள். சூளையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அடுத்த துண்டை முக்கினாள்.

வெள்ளிக்கிழமை சண்முகப்ரியாவும் எங்களோடு வந்தாள். "அக்கா, அது அவரா இருக்குமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். செல்வநாயகி அவள் கையை விடவேயில்லை. அவளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகப் பேசினார். அதுவே எனக்கு உதறலாக இருந்தது. என்னைப் பார்த்து, "இவரு?" என்றார்.

"சும்மா கூட வந்தேங்க" என்றேன்.

செல்வநாயகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் போனில் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கி மேஜையில் வைத்தார். "இது யாரு கையெழுத்தும்மா?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். வக்கீல் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. செல்வநாயகியும் அதைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் அழுத்திக்கொண்டாள்.

"என்னுதுங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. "அவரு பேரு ஆனந்தராஜுங்க. கருவேப்பிலங்குறிச்சி. எட்டு வருஷம் வேலை செஞ்சாருன்னு எழுதினது பொய்ங்க. இடது முழங்கைக்குக் கீழ தீக்காயத் தழும்பு இருக்கும். அவரு சம்சாரம் வெளியதான் உக்காந்திருக்குது. உயிரோட இருக்காராங்க?"

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரியில் எடுத்த இன்னொரு படத்தைத் தேடி எடுத்து வெகுநேரம் பார்த்தார். "தழும்பு இருக்குது" என்றார். "உயிரோடதான் இருக்காரு. இன்னும் பேச்சு வரல."

செல்வநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பயத்திலா சந்தோஷத்திலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் அடங்கட்டும் என்று காத்திருந்த இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "சரிம்மா, முத்திரைய கொண்டாரச் சொல்லியிருந்தோமே. எங்க?"

அவள் பார்வை மேஜைக்குப் போனது.

"தொலைச்சிட்டீங்களா, ஒளிச்சி வச்சிருக்கீங்களா? தடயத்த அழிச்சா அதுக்குத் தனி கேஸும்மா. இவ்வளவு உண்மை பேசுனவங்க இத மட்டும் ஏன் மறைக்கிறீங்க?"

அவளுக்குத் தெரியும். ரப்பர் நாற்றம் அடித்த அன்றைக்கே தெரியும். ஆனாலும் மேஜையையே பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் கூரையைப் பார்த்திருப்பேன். அவள் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் அவள் பேருக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாங்க சூளையில போட்டு எரிச்சேன்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "கூட வந்தவர்னுதான சொன்னீங்க? நீங்க யாரு?"

"சங்கத்துத் தலைவருங்க" என்றேன்.