குடைத்துணிக் காக்கை

எனக்குப் பொறுமை கிடையாது. சிக்னலில் பச்சை விழ மூன்று நொடி இருக்கும்போதே வண்டியை உருட்டத் தொடங்குகிற ஆள் நான். இப்படிப்பட்டவன் கர்ணப் புறா வளர்த்திருக்கவே கூடாது.

மயிலாப்பூரில் மாட வீதிக்கு ஒரு தெரு தள்ளி, பழைய வீடு ஒன்றின் மொட்டை மாடியில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூண்டு. பதினொரு புறாக்கள். உயரத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, விழுவது போல வந்து, சமாளித்து மறுபடி ஏறும். அதைப் பார்க்கத்தான் வளர்க்கிறது. ஆனால் என் கவலையெல்லாம் அவை எப்போது இறங்கும் என்பதுதான். எனக்கு ஏசி மெக்கானிக் வேலை. எட்டரைக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். அதற்குள் கடைசிப் புறாவும் உள்ளே வராவிட்டால் மாடிக்கும் படிக்குமாக ஓடிக்கொண்டிருப்பேன். அப்படியே விட்டுவிட்டுப் போனால் வல்லூறு தூக்கிவிடும்.

நேரத்துக்கு இறங்கப் பழக்குவது பெரிய வித்தை இல்லை. முதல் நாள் சாயங்காலம் அரை வயிறு. காலையில் பறக்கவிட்டு, பால் பவுடர் டின்னில் கம்புத் தானியத்தைப் போட்டுக் குலுக்கி, விரலால் மூன்று தட்டு. இறங்கினால் தீனி, இறங்காவிட்டால் இல்லை. ஒரே நேரம், ஒரே சத்தம், ஒரே இடம். ஒரு மாதத்தில் என் புறாக்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கெடுத்தவை காக்கைகள்.

கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். புறா இறங்க வரும்போதெல்லாம் எழும்பித் துரத்தும். அது மறுபடி மேலே போய்விடும். டின்னைத் தட்டித் தட்டி எனக்கு விரல் வீங்கியதுதான் மிச்சம். ஒரே வாரத்தில் மூன்று நாள் வேலைக்குத் தாமதம். ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் கிழிந்த குடை ஒன்றின் கறுப்புத் துணியை உருவினேன். சிறகு விரித்தது போலக் கட்டி, கீழே கிடந்த காக்கை இறகு நாலைச் செருகி, தொட்டிக்கு அந்தப் பக்கம், அடுத்த மாடிக்குத் தெரியாத மூலையில், மூங்கில் கழியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அச்சு அசல் செத்த காக்கை. தெருக் காக்கைகள் எல்லாம் கூடி அரை மணி நேரம் கத்தித் தீர்த்தன. மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் ஒரு காக்கை இல்லை. டின்னைத் தட்டி நாலு நிமிடத்தில் பதினொன்றும் உள்ளே வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாடி ஒரு மாமியினுடையது. இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். மாமா இறந்து வருடம் முடியப்போகிறது. மகன் வெளிநாட்டில். மாமி தினமும் எட்டு மணிக்குச் சமையலை முடித்து, ஒரு பிடி சாதத்தை நடுச்சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பார்த்தேன், சாதத்துக்குப் பக்கத்தில் ஒரு டபராவில் காப்பியும் இருந்தது.

"ஏம்ப்பா, உங்க பக்கம் காக்கா வரதா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி."

"மூணு வாரமா வரமாட்டேங்கறது. அவருக்கு என் மேல கோபம்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்குக் கார்த்தால ரெண்டாவது காப்பி கேட்டார். சுகர் ஏறிக் கெடக்கு, பேசாம இருங்கோன்னுட்டேன். மத்தியானம் போயிட்டார். கேட்டதைக் குடுத்திருக்கலாம். இப்போ நான் எதை வச்சாலும் தொடமாட்டேங்கறார்."

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். "வேலைக்கு டைம் ஆச்சு மாமி" என்று படியிறங்கி ஓடினேன். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு வீட்டில் ஏசியைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலேயே ஸ்க்ரூக்களை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தரையில் தேடினேன்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"இன்னா மன்சன்யா நீ? உன் புறா எறங்கணும்னு அந்தம்மா வயித்தெரிச்சல கொட்டிக்கினு கீறே. போய் அவுத்துப் போடு அத்த. அந்தம்மா கைல போய் சொல்லு."

அவிழ்த்தேன். மாமியிடம் சொல்லவில்லை.

துணி போன பிறகும் காக்கை வரவில்லை. மாமாவின் முதல் வருஷத் திவசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றைக்குக் காக்கை சாதத்தைத் தொடாவிட்டால் மாமி என்ன ஆவாரோ என்று நினைத்தாலே எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை. காக்கையைக் கூண்டில் அடைத்து அரைப் பட்டினி போட முடியாது. ஆனால் நேரமும் சத்தமும் இடமும் என் கையில் இருந்தன.

காலை ஏழு மணி. என் பக்கத்துச் சுவரில் கருவாடு. டின்னில் மூன்று தட்டு. மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் விளக்குக் கம்பத்தில் ஒன்று வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனது. ஆறாம் நாள் இறங்கியது. அதற்குப் பிறகு டீக்கடை மெதுவடைக்கு மாறி, நடுச்சுவருக்கே வந்துவிட்டேன். அங்கே கருவாட்டை வைத்தால் மாமா நிஜமாகவே கோபித்துக்கொள்வார். டின் சத்தம் கேட்டதும் இரண்டு மூன்று வரும், வடையைக் கவ்வும், அந்த நொடியே பறந்துவிடும். எட்டு மணிக்கு மாமி வைக்கிற சாதம் அப்படியே காயும்.

அத்தனை நாளும் புறாக்கள் அடைந்து கிடந்தன. எட்டாம் நாள் பொறுக்க மாட்டாமல் திறந்துவிட்டேன். டின்னைத் தட்டினால் முதலில் வந்தவை காக்கைகள். மேலே போன புறாக்கள் ஒன்பதரைக்குத்தான் இறங்கின, அதுவும் பத்து. கழுத்தில் செம்புள்ளி போட்ட பெட்டை திரும்பவே இல்லை. இருந்ததிலேயே அழகாகக் கரணம் போடுவது அதுதான். அழுகை வந்தது. யாரைத் திட்டுவது?

திவசத்தன்று லீவு போட்டேன். அன்றுதான் புத்தியில் உறைத்தது. திவசச் சாதம் வைப்பது நடுப்பகலில். நான் பழக்கியது காலை ஏழு மணிக்கு. மாமி கூப்பிடப்போவது வாயால். இவை பழகியது டின்னுக்கு.

பன்னிரண்டரைக்கு மாமி இலையோடு மாடிக்கு வந்தார். பின்னால், திவசத்துக்காக வந்திருந்த மகன். நான் தொட்டிக்குப் பின்னால், கையில் டின்.

"கா... கா..."

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டார். தென்னை மரத்தில் எதுவோ அசைந்தது, வரவில்லை. என் விரல் டின்னின் மேல் இருந்தது. தட்டினால் வரும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது மாமிக்காக வந்ததாக இருக்காது. என் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். டின்னைக் கீழே வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

மூன்றாவது தடவை மாமிக்குக் குரல் உடைந்தது. அப்போது ஒன்று இறங்கியது. சுவரில் நின்று முதலில் என் பக்கம் பார்த்தது. பிறகு இலையில் வாயை வைத்தது. மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு வடையும் காப்பியுமாக நடுச்சுவருக்கு வந்தார்.

"டின்னைத் தட்டித் தட்டி வடை போட்டுண்டிருந்தியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இன்னிக்கும் தட்டிடுவியோன்னு பயந்துண்டேதான் கூப்பிட்டேன்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. குடை, துணி, இறகு, கழி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். மாமி காப்பியைச் சுவரில் வைத்தார்.

"அப்போ, அவருக்குக் கோபமே இல்லையா?"

"இல்ல மாமி. அது என் குடைத்துணி."

"மொதல் நாளே சொல்லப்படாதோ?" என்றார். "இத்தனை நாளா நான் தூங்கலைப்பா."