அத்தை சரிசெய்த ஃப்ரிட்ஜ்

எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த அன்று அதற்குள் புடவைகள் இருந்தன. மேல்தட்டில் பட்டுப் புடவைகள், நடுத்தட்டில் வாயில் புடவைகளும் பாவாடைகளும், பாட்டில் வைக்கும் இடத்தில் சீப்பு, பவுடர் டப்பா, வளையல்கள். அடியிலிருந்த காய்கறிப் பெட்டியில் தடித்த ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்று. அப்பா கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்ததும் நான் கைகொட்டிச் சிரித்தேன். இவ்வளவு வேடிக்கையான பீரோவை அதுவரை நான் பார்த்ததில்லை. நான் மட்டும்தான் சிரிக்கிறேன் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அத்தை தரையில் உட்கார்ந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா ஆட்டோ ஓட்டினார். மாடியில் இருந்த ஒற்றை அறையை மார்கழி, தை மாதங்களில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு விடுவோம். சித்திரையில் அவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். பகலெல்லாம் மலைப்பாறை வாங்கி வைத்த வெயிலைச் சாயங்காலம் நாங்கள் மட்டும் அனுபவிப்போம்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கீழ்பென்னாத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். அத்தை லீவுக்கு வந்திருக்கிறாள் என்றாள் அம்மா. எனக்கே இன்னும் பரீட்சை முடியாதபோது அத்தைக்கு எப்படி லீவு விட்டார்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு அடுப்பில் திடீரென்று வேலை வந்துவிட்டது. பத்து நாள் கழித்து ஃப்ரிட்ஜ் வந்தது. கல்யாணத்தின்போது அப்பா சீர்வரிசையாகக் கொடுத்த அதே ஃப்ரிட்ஜ். கூட யாரும் வரவில்லை. குட்டியானை வண்டியில் படுக்கப் போட்டு, டிரைவர் மட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

அப்பா உடனே ஒயரைப் பிளக்கில் சொருகப் போனார். எந்த இயந்திரமும் முதலில் ஓடவேண்டும், பிறகுதான் அதன் குறைகளைப் பேசவேண்டும் என்பது ஆட்டோவிலிருந்து அவர் கற்ற பாடம். அத்தை குறுக்கே கை நீட்டினாள்.

"வேணாம்ணா. படுக்கப் போட்டுக் கொண்டாந்திருக்காங்க. மோட்டார்ல இருக்கிற எண்ணெய் எங்கெங்கயோ போயிருக்கும். ஒரு நாள் நிக்கட்டும்."

வந்ததிலிருந்து அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அப்பா ஒயரைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் போட்டபோது விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. கூடவே ஃப்ரிட்ஜ் முழுவதும் குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் கடகடவென்று ஆடியது. சாயங்காலம் வரை வைத்திருந்த தண்ணீர், வைத்த சூட்டிலேயே இருந்தது. காய்கறிப் பெட்டிக்கு அடியில் மட்டும் எங்கிருந்தோ தண்ணீர் தேங்கியது. அப்பா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டார், இரண்டு தட்டுத் தட்டினார், கம்ப்ரஸர் போய்விட்டது, கேஸும் இல்லை, பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ஃப்ரிட்ஜைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கவனித்திருந்தேன். இரும்புக்கடைக்கு எப்போது சொல்லலாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை சமையலறையிலிருந்து எழுந்து வந்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள்.

"கேஸ் இல்லன்னா இந்தக் கம்பி சுடாதுண்ணா. நல்லா சுடுது பாரு. கம்ப்ரஸர் ஓடிட்டுதான் இருக்குது. இது வேற இன்னாவோ."

"மெக்கானிக்குக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

"ரெண்டு நாள் குடு. ஆகலன்னா போட்டுடு."

அந்த இரண்டு நாள் நான்கு நாளானது. முழுப்பரீட்சை முடிந்துவிட்டதால் நான் பக்கத்திலேயே இருந்தேன். முதல் வேலையாக ஒயரைப் பிடுங்கிப் பிளக்கை என் கையில் கொடுத்தாள். அவள் கேட்கும்வரை அதை யாரிடமும் தரக் கூடாது என்றாள். கஜானாவைக் காப்பதுபோல் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சுவரை விட்டு ஃப்ரிட்ஜை நகர்த்தி, முதுகிலிருந்த கறுப்புக் கம்பிகளைப் பெயிண்டு பிரஷால் தேய்த்தாள். தூசி திரித்திரியாகக் கொட்டியது. அதில் கோழி இறகுகூட ஒன்று இருந்தது. அந்த வீட்டில் கோழி வளர்த்தார்கள் என்று அதிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன். பிறகு ஃப்ரிட்ஜின் ஒரு காலுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைக் கொடுத்து, மேலே டம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தாள். ஆட்டம் நின்றது.

தேங்கிய தண்ணீருக்கும் காரணம் கண்டுபிடித்தாள். உள்ளே பின்சுவரில், பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. உருகும் பனி அந்த வழியாக இறங்கிப் பின்னாலிருக்கும் தட்டுக்குப் போகவேண்டுமாம். அதில் கறிவேப்பிலைக் காம்பு அடைத்திருந்தது. இளநீர்க் கடையிலிருந்து உறிஞ்சுகுழல் ஒன்று வாங்கிவரச் சொல்லி, அதனால் குத்தி, வெந்நீர் ஊற்றினாள். பின்பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டதும் அவள் முகத்தில் வந்ததை, அவள் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு என்று சொல்லலாம்.

குளிராததற்கான காரணம்தான் கடைசியில் கிடைத்தது. தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழு என்றாள். இழுத்தேன். வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வந்தது. கீழே, பக்கவாட்டில், எங்கே வைத்தாலும் அப்படியே. கதவைச் சுற்றியிருந்த ரப்பர், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியதில் நசுங்கி, இறுகி, வளைந்து போயிருந்தது.

"குளுரு மொத்தமும் இது வழியாத்தாண்டி வெளிய போவுது. பாவம், அது இன்னா பண்ணும், எவ்ளோதான் ஓடும்."

சோப்புத் தண்ணீரில் ரப்பரைக் கழுவினாள். வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, சூட்டோடு ஒற்றி ஒற்றி, வளைந்த இடங்களை விரலால் இழுத்துவிட்டாள். விரல் நுனிகள் சிவந்து போயின. வாசலைன் தடவினாள். இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் காலண்டர் தாளை வைத்து நான் இழுத்தபோது அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். தேதி கிழிந்து என் கையோடு வந்தது, பாதி கதவிலேயே நின்றது. அத்தை ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்துச் சற்று நேரம் நின்றாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஐஸ் தண்ணீர் குடித்தோம். அப்பா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மெக்கானிக்குக்குக் கொடுத்த டீ வீண் என்றார். தங்கையைப் பாராட்ட அவருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

இதையெல்லாம் அவள் எங்கே கற்றாள் என்று பல வருடம் கழித்து அம்மாதான் சொன்னாள். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜில் எது கெட்டாலும் மாமியார் மெக்கானிக்கைக் கூப்பிட விடமாட்டாராம். "உங்க ஊட்டுப் பொருள்தானே, நீயே பாத்துக்கோ" என்பாராம். ஆறு வருடம் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு அந்தப் பத்துப் பதினைந்து நாளும் திருவிழா. தெருப் பிள்ளைகளுக்கு ஐஸ்கட்டி கொடுத்து நான் தெருவுக்கே முக்கியமானவளானேன். உள்ளேயிருந்த குமிழை மட்டும் தொடக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தாள். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போட்டது. வெயில் ஜாஸ்தியென்றால் கூட்டவேண்டும், கம்மியென்றால் குறைக்கவேண்டும், பூஜ்யத்தில் வைத்தால் விளக்கு எரியும், ஆனால் மோட்டார் ஓடாது.

ஒரு வெள்ளிக்கிழமை மாமாவிடமிருந்து போன் வந்தது. மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். மறுநாள் மதியம் வருகிறார், அத்தையைக் கூட்டிப்போக. வீடே மாறிவிட்டது. அம்மா உளுந்து ஊறவைத்தாள். அப்பா மாட வீதிக்குப் போய் மல்லிகையும் வாழை இலையும் வாங்கிவந்தார். அத்தை தன் பையை அடுக்கினாள். அவள் புடவை மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பாட்டாகவும் இருக்கலாம். நான் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஃப்ரிட்ஜ்? அதுவும் போகிறது, மாமா வண்டி கொண்டுவருகிறார் என்றாள் அம்மா.

அத்தை போவதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தை பொங்கலுக்கு மறுபடி வருவாள். ஃப்ரிட்ஜ் வருமா? சனிக்கிழமை காலை எல்லோரும் வேலையாக இருந்தபோது கதவைத் திறந்து குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். ஓடாத ஃப்ரிட்ஜை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது என் கணக்கு. அம்மா குளிர்ந்த தண்ணீருக்குப் பானையையே நம்புகிறவள், அதனால் யாரும் கவனிக்கவில்லை. மதியத்துக்குள் உள்ளே ஐஸ் உருகி, மோர்ப் பாத்திரம் வெதுவெதுப்பாகிவிட்டது.

மாமா அதே குட்டியானை வண்டியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அத்தை பச்சைப் பட்டு கட்டி, பூ வைத்திருந்தாள். நடந்தது நடந்துவிட்டது, பெரியவர்கள் நாலு வார்த்தை சொல்வார்கள், அதற்காக வாழாமல் இருக்க முடியுமா என்று மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பா அதற்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வடையும் பாயசமும் சாப்பிடும்போது மாமா, தங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தான் புதிதாகக் கடை போட்டிருப்பதைப் பற்றிப் பேசினார். கூல்டிரிங்க்ஸ், தண்ணீர், மோர். இந்த வெயிலில் நல்ல ஓட்டமாம். கை கழுவிவிட்டு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். வாயில் ஊற்றியவர் முகம் சுளித்தார்.

"இன்னாங்க, ஜில்லுனே இல்ல?"

"நேத்துகூட ஓடுச்சே மாப்ள," என்று அப்பா எழுந்தார். அவருக்கு முன்னால் அத்தை வந்துவிட்டாள். கதவை அகலத் திறந்து உள்ளே பார்த்தாள். குமிழ் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவள் கை மேலே போனது. பாதியில் நின்றது. கதவைச் சாத்திவிட்டு மாமாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"கம்ப்ரஸர் போயிடுச்சுங்க. மெக்கானிக் அப்பவே சொன்னாரு."

"அப்ப ஓடவே ஓடாதா?"

"ஓடாது. நாம கெளம்பலாம் வாங்க. இது இங்கயே கெடக்கட்டும்."

என்னைத் திட்டு வாங்காமல் காப்பாற்றவே அத்தை பொய் சொல்கிறாள் என்று நினைத்து, நன்றியோடு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன். மாமா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இல்லம்மா, ஓடலியாம், லைட்டு மட்டும் எரியுது, நானே பாத்தேன் என்று அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்டது. பிறகு நெடுநேரம் ம், ம் என்று மட்டும் சொன்னார். உள்ளே வந்தபோது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னிக்கி நாள் சரியில்லன்னு அம்மா சொல்றாங்க. அடுத்த வாரம் வரேன். அதுக்குள்ள இத ரிப்பேர் பண்ணி வைங்க, ரெண்டையும் ஒண்ணாக் கூட்டினு போயிடறேன்."

ரெண்டையும் என்று அவர் சொன்னதில் அப்பாவின் தலையாட்டல் நின்றது. குட்டியானை காலியாகத் திரும்பிப் போனது.

அடுத்த வாரம் போன்தான் வந்தது. ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டதா என்று மாமா கேட்டார், ஆகவில்லை என்றாள் அத்தை. அதற்கப்புறம் அதுவும் வரவில்லை. அத்தை எங்களோடுதான் இருந்தாள். கார்த்திகைக்குள் சந்தில் நான்கு வீட்டு ஃப்ரிட்ஜுகளைச் சரிசெய்து கொடுத்திருந்தாள். பிறகு ஆசிரமப் பக்கத்து விடுதிகளிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இன்று அவளுக்கு ஸ்கூட்டி இருக்கிறது, தோளில் மாட்டும் கருவிப் பை இருக்கிறது, இது தேறாது என்று அவள் சொன்னால் ஒப்புக்கொள்ளும் ஊர் இருக்கிறது.

மாமா வந்துபோன அந்தச் சனிக்கிழமை மதியம் வண்டிச் சத்தம் சந்து முனையில் மறைந்ததும் அம்மா அத்தையின் பையை எடுத்து உள்ளே வைத்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவை எடுத்துக் கிளம்பிவிட்டார். அத்தை ஃப்ரிட்ஜைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"நீதானே திருப்புன?"

தலையை ஆட்டினேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் குமிழை மூன்றுக்குத் திருப்பினாள். மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கதவைச் சாத்திவிட்டு, பட்டுப் புடவை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல், அதன் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடுது அத்தை," என்றேன்.

"ம்."

அவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குளிர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நம்பி, நானும் இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.